மகளிர் குழுவுக்குச் செக்கு வைக்க மானியம்: படிவத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். உங்கள் அம்மா ஊக்குநராக (குழுவை வழிநடத்துபவராக) இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவில் 12 பேர். சுற்றிலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விளைகிறது, அதை அப்படியே வியாபாரிக்குப் போடாமல் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கலாம் என்று யோசனை. 10 லட்சத்துக்குத் திட்ட அறிக்கை போட்டுத் தருகிறேன், 35 சதவீத மானியம் வாங்கித் தருகிறேன், 15,000 ரூபாய் கொடுங்கள் என்று ஒருவர் வந்திருக்கிறார். கொடுக்கலாமா, எந்தத் திட்டத்தில் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 15,000. கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் திட்டம் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் பிரதமரின் திட்டம், பி.எம்.எஃப்.எம்.இ. என்று எல்லோரும் சொல்வது. 2020 ஜூன் மாதம் தொடங்கியது, மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் போடுகின்றன. இந்தத் திட்டத்தில் விண்ணப்பம் போட, திட்ட அறிக்கை தயாரிக்க, வங்கிக்குக் கூட வந்து பேச மாவட்ட வள நபர் என்று ஒருவரை அரசே நியமித்திருக்கிறது. ஒரு கடனுக்கு ஒப்புதல் வாங்கித் தந்தால் அவருக்கு 20,000 ரூபாய் என்று திட்ட வழிகாட்டுதலிலேயே ஊதியம் இருக்கிறது. உங்களிடம் வாங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மாவட்டத் தொழில் மையத்திலோ மகளிர் திட்ட அலுவலகத்திலோ போய் "இந்த வட்டாரத்துக்கு வள நபர் யார்" என்று கேளுங்கள், கைபேசி எண்ணே தருவார்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் அப்படித்தான், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசம். அதே மாதிரி முகப்பு வைத்த தனியார் தளங்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று கட்டணம் கேட்கும், அதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். திட்டம் முதலில் ஐந்து ஆண்டுக்கு என்று அறிவிக்கப்பட்டு அப்புறம் நீட்டிக்கப்பட்டது, அதனால் நீங்கள் போடும் நாளில் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று அந்த வள நபரிடம் முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது மானியத்துக்கு வருவோம். பத்தில் ஒன்பது பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். மானியம் உங்கள் கைக்கு வராது. 10 லட்சம் திட்டம் என்றால் குழு 1 லட்சம் போட வேண்டும், வங்கி 9 லட்சம் கடன் தரும். அரசு தரும் 3.5 லட்சம் வங்கியில் கடன் கணக்கோடு இணைந்த தனிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசித் தவணைக் கடன் கொடுத்து மூன்று ஆண்டு முடிந்த பிறகு, உங்கள் கடன் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால், தொழிலும் ஓடிக்கொண்டிருந்தால், அப்போதுதான் அந்தத் தொகை கடனில் கழியும். இடையில் கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் வங்கி அதை எடுத்துத் தன் பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ளும். அதாவது முதல் மூன்று ஆண்டும் நீங்கள் மானியத்தை நம்பாமல்தான் தவணை கட்ட வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலும் இதே முறைதான், மானியம் மூன்று ஆண்டு வைப்பில் கிடக்கும்.

இது புரிந்துவிட்டால் கேள்வியே மாறிவிடும். "மானியம் எப்படி வாங்குவது" என்பது போய், "மாதாமாதம் தவணை கட்டும் அளவுக்கு இந்தச் செக்கு ஓடுமா" என்று ஆகிவிடும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மாவட்டக் குழுவிலும் வங்கியிலும் அவர்கள் பார்ப்பதும் இதைத்தான், அதனால் அதை நாம் முதலில் போட்டுப் பார்ப்போம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

9 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 19,100 ரூபாய் வரும். இப்போது ஒரு நாள் ஓட்டத்தைப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 100 கிலோ மல்லாட்டைப் பருப்பு ஆட்டுகிறீர்கள். மரச்செக்கில் இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் என்பதுதான் பொதுவான கணக்கு, ஆக 40 லிட்டர். பிண்ணாக்கு 58 கிலோ அளவுக்கு விழும். விலைகளை நான் ஒரு பேச்சுக்கு வைக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பருப்பு கிலோ 120 என்றால் செலவு 12,000. எண்ணெய் லிட்டர் 290-க்கு விற்றால் 11,600, பிண்ணாக்கு கிலோ 45-க்குப் போனால் 2,610, மொத்தம் 14,210. வித்தியாசம் 2,210. அதில் பாட்டிலும் லேபிளும் லிட்டருக்கு 12 ரூபாய் வீதம் 480 போகும். இரண்டு பேருக்குக் கூலி 350 வீதம் 700. மின்சாரம், துணி, சில்லறைச் செலவு 180. மிச்சம் 850 ரூபாய். மாதம் 25 நாள் ஓட்டினால் 21,250. தவணை கட்டியது போக 2,150 ரூபாய். கட்டடத்துக்கு 3,000 வாடகை என்றால் 850 ரூபாய் கையைக் கடிக்கிறது. 12 பெண்களில் இரண்டு பேருக்குத்தான் கூலி, மற்ற பத்துப் பேருக்கு ஒன்றும் இல்லை. அதுவும் ஒரு நாள்கூட செக்கு நிற்காமல், ஒரு பாட்டில்கூடத் தேங்காமல் ஓடினால்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். மாதம் 1,000 லிட்டர் விற்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 4 லிட்டர் என்றால் 250 வீடு. உங்கள் ஊரில் கடையில் கிடைக்கும் மலிவான எண்ணெயை விட்டுவிட்டு லிட்டருக்கு 290 கொடுத்து மாதாமாதம் வாங்கும் 250 வீட்டின் பெயரை எழுத முடியுமா? பொதுவாக "எல்லாரும் வாங்குவாங்க" என்று சொல்லக் கூடாது, பெயர்களாக எழுத வேண்டும்.

அதே தொழிலை 4 லட்சத்தில் போடுங்கள். ஒரு செக்கு, வடிகட்டி, எடை இயந்திரம், பாட்டில் மூடும் கருவி, மின் இணைப்பு வேலை, கொட்டகையில் கொஞ்சம் பழுது பார்ப்பு. குழுவின் பங்கு 40,000, கடன் 3.6 லட்சம், மானியம் 1.4 லட்சம். தவணை சுமார் 7,650. வாடகையும் சேர்த்து 10,650. மாதம் 13 நாள் ஓடினாலே அது வந்துவிடும், மீதி நாள் ஓடுவதெல்லாம் குழுவுக்கு. விற்பனையும் 520 லிட்டர் இருந்தாலே போதும், 130 வீடு. இதைத்தான் நான் செய்யச் சொல்வேன். 10 லட்சம் என்று அந்த ஆள் சொன்னது உங்கள் தேவையைப் பார்த்து அல்ல, மானியத் தொகை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. திட்டத்தொகை பெரிதானால் கடனும்தானே பெரிதாகிறது. அப்புறம் அந்த 10 லட்சத்தில் பெரும்பகுதி கட்டடமாக இருந்தால் அதுவும் நடக்காது, கட்டுமான வேலை திட்டச் செலவில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நிலத்தின் விலையைச் சேர்க்கவே முடியாது.

பருப்பு வாங்கும் பணத்தை மறந்துவிடாதீர்கள், நிறையக் குழுக்கள் விழுவது இந்த இடத்தில்தான். இயந்திரம் வந்துவிடும், ரிப்பன் வெட்டுவார்கள், இரண்டாவது மாதம் பருப்பு வாங்கக் காசு இருக்காது. அறுவடை நேரத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விலை இறங்கியிருக்கும்போது நாலு மாதத்துக்கு வாங்கி வைத்தால்தான் மேலே சொன்ன 120 ரூபாய்க் கணக்கு நிற்கும். அதற்கு இதே திட்டத்தில் தொடக்க நிதி என்று தனியாக ஒன்று உண்டு. உணவுத் தொழில் செய்யும் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை, சுழற்சி முதலுக்கும் சிறு கருவிகளுக்கும். அது குழுக்களின் கூட்டமைப்புக்கு வந்து, அங்கிருந்து உறுப்பினருக்குக் கடனாக வரும், திரும்பக் கட்ட வேண்டும். ஆனால் பெரிய உதவி. இதற்கு மகளிர் திட்ட அலுவலகம் வழியாக, உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் தீர்மானத்தோடு போக வேண்டும். இயந்திரக் கடனுக்கு முன்பே இதைக் கேட்கலாம் என்பது என் கருத்து. சின்னதாக ஆரம்பித்துக் கட்டிக் காட்டினால் வங்கி மேலாளர் அடுத்த முறை உங்களை உட்காரச் சொல்லிப் பேசுவார்.

இனி ஆவணங்கள். ஆதார், பான், வங்கிப் புத்தகம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அவற்றை விடுங்கள். முடிவைத் தீர்மானிக்கிற ஒரே ஆவணம் குழுவின் தீர்மானப் புத்தகம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவோடு வங்கிக்குப் போயிருந்தேன். திட்ட அறிக்கை நன்றாக இருந்தது, மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. மேலாளர் அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு தீர்மான நோட்டைக் கேட்டார். எட்டு மாதக் கூட்டங்கள். எட்டிலும் ஒரே நீல மை, ஒரே சாய்வில் எழுத்து, 14 கையெழுத்தும் ஒரே வரிசையில். அதில் ஒரு உறுப்பினர் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்குப் போயிருந்த மாதத்திலும் அவர் கையெழுத்து இருந்தது, அதை அந்தப் பெண்ணே வெகுளியாகச் சொல்லிவிட்டார். மேலாளர் கோபப்படவில்லை, நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்து, "ஆறு மாசம் உண்மையா எழுதிட்டு வாங்கம்மா" என்றார். அது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. அந்த ஆறு மாதமும் வாரக் கூட்டத்துக்கு நானும் போய் உட்கார்ந்தேன். வராதவர் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதச் சொன்னேன், தவணை கட்டாதவர் பெயரையும் ஏன் கட்டவில்லை என்பதையும் எழுதச் சொன்னேன். முதல் மாதம் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஏழாவது மாதம் அதே மேலாளர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுக் கடன் கொடுத்தார். குறை எழுதியிருந்த நோட்டைத்தான் அவர் நம்பினார்.

பஞ்சசூத்திரம் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள்: ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கெழுதுதல். மனப்பாடமாகச் சொல்ல எல்லாக் குழுவுக்கும் தெரியும். குழுவைத் தரமதிப்பீடு செய்யும்போது பார்ப்பது நோட்டில் அது இருக்கிறதா என்பதைத்தான்.

அடுத்தது, பேச எல்லோரும் தயங்கும் விஷயம். 12 பேரில் எத்தனை பேருக்கு வாரத் தவணை மைக்ரோஃபைனான்ஸ் கடன் இருக்கிறது? ஒருவர் பெயரில் இரண்டு மூன்று இருக்கலாம். வங்கி ஒவ்வொருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பார்க்கும். ஒருவர் பாக்கி வைத்திருந்தாலும் மொத்த விண்ணப்பமும் நிற்கலாம். வங்கி வாசலில் நின்றுகொண்டு இது தெரியவந்தால் அந்தப் பெண்ணுக்கு அவமானம், குழுவுக்குள் சண்டை. அதனால் அம்மாவிடம் சொல்லுங்கள், விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில், வெளியாள் யாரும் இல்லாமல், அவரவர் கடனை அவரவரே சொல்லட்டும். முதலில் அம்மா தன் கடனைச் சொல்லட்டும், மற்றவர்களுக்கு வாய் திறக்கும். சிறிய பாக்கி என்றால் குழுவின் உள்கடனில் அடைத்துவிட்டு, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் போகலாம்.

வங்கி ஈடு கேட்டால் பயப்பட வேண்டாம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள குழுக்களுக்கு 20 லட்சம் வரை ஈடு இல்லாமல் தர வேண்டும் என்று 2021-ல் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது. இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள், நிதானமாகச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனுவாகக் கொடுக்கலாம்.

செக்கு யார் பெயரில், எந்த இடத்தில் என்பதை இப்போதே முடிவு பண்ணுங்கள். தனிநபர் பெயரில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள், அது உண்மையும்கூட, தனிநபருக்கு 10 லட்சம் வரை மானிய உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் பெயர் அம்மாவுடையதாக, உழைப்பு 12 பேருடையதாக இருந்தால் கடன் அடைந்த மறுநாள் செக்கு யாருடையது? அம்மா நல்லவராக இருக்கலாம், அவருக்குப் பின் வருபவர்கள் வந்து கேட்பார்களே. குழுவின் பெயரிலேயே பான் எடுத்து, குழுவின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள், ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை. இடம் விஷயத்தில், 11 மாத வாடகை ஒப்பந்தம் உதவாது. கடன் 5 ஆண்டு என்றால் இடமும் அவ்வளவு காலம் உங்களிடம் இருக்கும் என்று காட்ட வேண்டும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். ஊராட்சிக் கட்டடம் சும்மா கிடக்கிறது, தலைவர் தருகிறேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் வாய்ச்சொல் போதாது. முறையான தீர்மானம் வேண்டும், அதைக் கிராம சபையிலும் வைத்துவிட்டால் நாளைக்குத் தலைவர் மாறினாலும் உங்களுக்குப் பிடிமானம் இருக்கும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருகிறதோ அதில் 12 பேரும் போய் முன்வரிசையில் உட்காருங்கள். அந்தக் கட்டடத்துக்கு மும்முனை மின் இணைப்பு கிடைக்குமா என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இயந்திரம் வந்து இறங்கி, மின் இணைப்புக்காக மாதக்கணக்கில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், தவணை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

விலைப்புள்ளி வாங்கும்போது ஜி.எஸ்.டி. எண் உள்ள விற்பனையாளரிடம் வாங்குங்கள், வங்கி நேராக அவருக்கே பணம் அனுப்பும். "முன்பணம் குடுங்க, பழைய விலைக்கே தர்றேன்" என்றால் நம்பி வாங்கிவிடாதீர்கள், கடன் ஒப்புதலுக்கு முன்னால் வாங்கிய இயந்திரத்துக்கு மானியம் கேட்க முடியாது.

இந்தத் திட்டம் மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்ற முறையில் முன்னுரிமை தருகிறது, ஈரோட்டுக்கு மஞ்சள், சேலத்துக்கு மரவள்ளி என்கிற மாதிரி. உங்கள் மாவட்டத்துக்கு அறிவித்த பொருள் வேறாக இருந்தால், நாங்கள் ஏற்கெனவே எண்ணெய் விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று காட்ட வேண்டிய தேவை இன்னும் கூடுதல். குழுவுக்கு அந்தப் பொருளில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்றே முதல் வழிகாட்டுதலில் இருந்தது. அனுபவத்தை எப்படிக் காட்டுவது, இன்னும் செக்கே இல்லையே என்பீர்கள். செக்கு இல்லாமலேயே ஆரம்பியுங்கள். பக்கத்து ஊரில் கூலிக்கு ஆட்டித் தரும் செக்கு இருக்கும். குழு நிதியில் 50 கிலோ பருப்பு வாங்கி, பொறுக்கி, காயவைத்து, கூலிக்கு ஆட்டி வாருங்கள், 20 லிட்டர் வரும். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளர் பதிவை முதலிலேயே எடுத்துவிடுங்கள், அது இணையத்திலேயே முடியும். சமையல் எண்ணெயைத் திறந்த பாத்திரத்தில் அளந்து ஊற்றி விற்கச் சட்டத்தில் இடமில்லை, அதனால் 20 லிட்டராக இருந்தாலும் பாட்டிலில் அடைத்து, தேதியும் பதிவு எண்ணும் போட்டுத்தான் விற்க வேண்டும்.

விற்கும்போது ஒரு நோட்டுப் போடுங்கள். நான் பார்த்ததிலேயே நல்ல நோட்டு ஒன்று, ஏழாவது வரை படித்த ஒரு அக்கா எழுதியது. பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு. தேதி, யார் வீடு, எத்தனை லிட்டர், ரொக்கமா கடனா, கடைசிக் கட்டத்தில் "திரும்ப வாங்கினாங்களா". சில வரிகளில் பக்கத்திலேயே எழுதியிருந்தார்: "கசப்பு இருக்குன்னு சொன்னாங்க", "மகன் வீட்டுக்கு ரெண்டு லிட்டர் அனுப்பினாங்க", "தீபாவளிக்கு அஞ்சு லிட்டர் கேட்டாங்க". கசப்பு என்று மூன்று பேர் சொன்ன பிறகு அந்தக் குழு பருப்பில் சொத்தையைப் பொறுக்க இன்னொரு ஆளைப் போட்டது, அதற்கப்புறம் அந்தப் புகார் நோட்டில் இல்லை. அந்தப் பக்கங்களை நகல் எடுத்துத் திட்ட அறிக்கையின் பின்னால் இணைத்தோம். நேர்காணலில் அதிகாரி அறிக்கையைப் புரட்டியது ஒரு நிமிடம் இருக்கும், இந்த நகல்களைத்தான் வரிவரியாகப் படித்தார், அந்த அக்காவை அழைத்துக் கேள்வி கேட்டதும் இதிலிருந்துதான். அவர் எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை, ஏனென்றால் எல்லாம் அவர் கண்ணால் பார்த்து எழுதியது. உங்கள் அறிக்கையை வள நபர் தட்டச்சு செய்து தரட்டும், ஆனால் வரவு செலவுப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆக, இப்போதைக்குப் படிவத்தைத் தொடாதீர்கள். இந்த வாரக் கூட்டத்தில் கடன் விவரத்தைப் பேசி முடியுங்கள், அடுத்த வாரம் 50 கிலோ பருப்பு. மூன்று மாதத்தில் ஆறு முறை ஆட்டினால் 120 லிட்டர் விற்றிருப்பீர்கள், எத்தனை வீடு இரண்டாவது முறை வந்தது என்று தெரிந்துவிடும். வாங்கிய வீடுகளில் பாதிகூடத் திரும்ப வரவில்லை என்றால் 4 லட்சம்கூட அதிகம், கூலிக்கு ஆட்டியே இன்னும் ஆறு மாதம் ஓட்டுங்கள். பாதிக்கு மேல் வந்தால் நோட்டின் படத்தை எனக்கு அனுப்புங்கள், உங்கள் ஊர் விலையை வைத்து, ஒரு நாளைக்கு மிச்சம் 850 ரூபாய் என்று போட்ட கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்.